மூணாம் பாயின்ட் பதில் சொல்லல

"மேடம், நான் தூங்கலைங்க மேடம்."

போனை எடுத்ததும் வந்த முதல் வார்த்தையே இதுதான். வணக்கம் கிடையாது, யாரு பேசுறதுன்னு கிடையாது. காலை பத்து மணி. நான் ஒரு கையில சால்டரிங் அயன், இன்னொரு கையில போன்னு நிக்கிறேன்.

"தூங்கலைன்னா நல்லதுங்க. யாரு நீங்க?"

"அரியலூர் குவாரிங்க மேடம். ஜீப் டிரைவர் கலியபெருமாள். நான் தூங்கிட்டேன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களாம். அதக் காட்டித்தான் மெமோ குடுத்திருக்காங்க."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. நான் யாரைப் பத்தியும் எதுவும் எழுதல. ஒரு வயர்லெஸ் செட்டைப் பத்தி எழுதினேன். அந்தச் செட் அவரோட ஜீப்ல இருந்தது. அவ்வளவுதான். "நான் உங்களைப் பார்த்ததுகூட இல்லைங்க, நீங்க தூங்கினா எனக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டேன்.

"அதாங்க மேடம் நானும் கேக்குறேன்"னார் அவர், ரொம்ப மரியாதையா.

இருபத்திரெண்டு வருஷமா வாயாடின்னு பேர் எடுத்தவ நான். அன்னைக்குச் சால்டரிங் அயனைக் கீழ வச்சுட்டு, அவர் பேசப் பேசக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

1. கடையும் சீலும்

என் பேர் வசந்தா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல, வாக்கி டாக்கி, வயர்லெஸ் செட் ரிப்பேர் பண்ற கடையில வேலை. கடை ஜபருல்லா பாயோடது. அவர் எங்க மாவட்டத்துலயே லெப்பைக்குடிக்காடுங்கிற ஊர்க்காரர். வளைகுடாவுல ஒன்பது வருஷம் இதே வேலை பார்த்துட்டு, போதும்னு வந்து இங்க கடை போட்டார். எங்க வூட்டுல அம்மா, அப்பா ரெண்டு பேரும் அடுத்தவங்க வயல்ல கூலிக்குப் போனவங்க. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்ச கையோட பாய் கடையில வந்து நின்னேன்.

முதல் நாளே ஒரு செட்டை எரிச்சேன். ஆன்டெனா மாட்டாம பேசுற பட்டனை அமுக்கிட்டு, "ஹலோ, ஹலோ, டெஸ்டிங்"னு ஜோரா பேசிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல கருகுன வாசனை. பாய் ஓடி வந்து பார்த்துட்டுத் தலையில கை வச்சார்.

"தங்கச்சி, செட்டோட வாயைக் கட்டிட்டுக் கத்துன்னு சொன்னா, அது எங்க போய்க் கத்தும்? உள்ளயே கத்திச் செத்துப் போச்சு பாரு."

விஷயம் அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்றவங்க இதை மட்டும் முதல்ல புரிஞ்சுக்கோங்க. செட்லேருந்து கிளம்புற பவர் கேபிள் வழியாப் போயி, ஆன்டெனா வழியா வெளிய போகணும். ஆன்டெனா சரியில்லைன்னா, பூட்டுன வூட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அந்தப் பவர் வந்த வழியே திரும்பி வரும். அதுக்கு ரிஃப்ளெக்டட்னு பேர். அந்தக் காலத்துச் செட்டுன்னா எரிஞ்சே போகும். இப்ப வர்ற செட்டுக்கு விவரம் ஜாஸ்தி. பவர் திரும்பி வருதுன்னு தெரிஞ்சதுமே தானா குரலைக் குறைச்சுக்கும். இருபத்தஞ்சு வாட் குடுக்க வேண்டியது, மூணு நாலு வாட்டோட நிறுத்திக்கும். செட்டு பொழைச்சுக்கும். ஆனா நாம பேசுறது தூரத்துல கேக்காது.

சரி, சீல் கதைக்கு வர்றேன். எனக்குப் பொறுமை கம்மி. செட்டு ரிப்பேருன்னு அரியலூர்லேருந்து பஸ் ஏறி வருவாங்க. பார்த்தா வால்யூம் ஜீரோவுல இருக்கும். இன்னொருத்தர் சேனலை மாத்தி வச்சுட்டு, "ரெண்டு நாளா ஒரு பயலும் பேச மாட்டேங்குறான்"னு வருத்தப்படுவார். ஒரு கோயில் கமிட்டிக்காரர் மைக்ல வெத்தலைச் சாறு காஞ்சு கெட்டியாகுற வரைக்கும் பேசிட்டு, "சவுண்டு கம்மியா இருக்கு"ன்னு கொண்டு வந்தார். ஒவ்வொண்ணுக்கும் ரிப்போர்ட்ல 'ஆபரேட்டர் மிஸ்டேக்'னு எழுதி எழுதி எனக்குக் கை வலி. பாய் ஒரு நாள் கேலியா ஒரு ரப்பர் சீல் செஞ்சு கொண்டு வந்து மேசையில வச்சார். "இந்தா தங்கச்சி, இனிமே எழுதாத. குத்திக்கிட்டே இரு."

அவர் கேலிக்குக் குடுத்தார். நான் நிஜமாவே குத்த ஆரம்பிச்சுட்டேன். டொப்பு டொப்புன்னு குத்துறதுல ஒரு சுகம் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

2. இருபத்தஞ்சு வாட்

கலியபெருமாள் வேலை பார்த்தது சுண்ணாம்புக்கல் குவாரியில. பாறையை வெடி வச்சு உடைச்சு, லாரியில ஏத்தி சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவாங்க. வெடி வைக்கிற எடம்ங்கிறதால செல்போனைக் கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க. உள்ள எல்லாப் பேச்சும் வயர்லெஸ்லதான்.

வாரத்துல ஒரு நாள், மத்தியானம் ஒரு மணிக்கு வெடி. அதுக்கு முன்னாடி குவாரியைச் சுத்தி நாலு எடத்துல ஆள் நிப்பாங்க. யாரும் உள்ள வராம பார்த்துக்கிறது அவங்க வேலை. வெடிக்குப் பொறுப்பு நடேசன் சார். அவர் ஆபீஸ்லேருந்து ஒவ்வொரு பாயின்ட்டாக் கூப்பிடுவார். நாலு பேரும் 'க்ளியர்'னு சொன்னாத்தான் வெடி. ஒருத்தர் சொல்லலைன்னாலும் கிடையாது. அந்த விஷயத்துல நடேசன் சாரைக் குறை சொல்ல முடியாது, ரொம்பக் கண்டிப்பு.

மூணாம் பாயின்ட்தான் ரொம்ப தூரம். ஊருக்குள்ளேருந்து வர்ற வண்டிப்பாதை வந்து சேர்ற எடம். அங்க கலியபெருமாள் ஜீப்போட நிப்பார்.

ஒரு நாள் மூணாம் பாயின்ட் பதில் சொல்லல. பத்துத் தடவை கூப்பிட்டும் சத்தம் இல்ல. வெடி நின்னுச்சு, லாரியெல்லாம் வரிசையா நின்னுச்சு. நடேசன் சார் பைக்கை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தா, கலியபெருமாள் ஜீப்ல நிமிர்ந்து உட்காந்திருக்கார்.

"கூப்பிட்டது கேக்கலையாய்யா?"

"கேட்டுச்சு சார்."

"கேட்டுச்சுன்னா ஏன் பதில் சொல்லல?"

"சொன்னேனே சார்!"

நடேசன் சார் திரும்பி வந்து இதைச் சொன்னதும், ஆபீஸ்ல இருந்த ஆளுங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. 'பைக் சத்தம் கேட்டு முழிச்சுக்கிட்டான்'னு ஒருத்தர் சொன்னார். அது அப்படியே பரவி, அன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள கலியபெருமாளுக்குத் 'தூங்குமூஞ்சி'ன்னு பேர் வந்துடுச்சு.

செட்டைக் கழட்டி ஒரு வாட்ச்மேன் கையில குடுத்து எங்க கடைக்கு அனுப்பினாங்க. நான் டெஸ்ட் பண்ணினேன். நாம பேசுறது மட்டும் அடுத்த பக்கம் கேக்கலைன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது பவரைத்தான். இது எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். டம்மி லோடுன்னு ஒண்ணு இருக்கு. ஆன்டெனாவுக்குப் பதிலா மேசை மேல மாட்டுற சாமான். அதை மாட்டி, வாட் மீட்டரை வச்சு, பட்டனை அமுக்கினேன். முள்ளு சொல்லி வச்ச மாதிரி இருபத்தஞ்சுல போய் நின்னுச்சு.

செட் நல்லா இருக்கு. அப்ப ஆள்தான் சரியில்ல. எடுத்தேன் சீலை, டொப்பு. வாட்ச்மேன் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சுது.

அடுத்த வாரம் மறுபடியும் மூணாம் பாயின்ட் பதில் சொல்லல. நடேசன் சார் என்னோட ரிப்போர்ட்டைப் பின் பண்ணி மெமோ குடுத்துட்டார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலை கிடையாது. வெடிக் காவல்ல தூங்கினவன்னு அனுப்பிட்டா, அரியலூர் சுத்து வட்டாரத்துல இருக்குற எந்தக் குவாரியிலயும், எந்த ஆலையிலயும் அவரை உள்ள விட மாட்டாங்க.

அன்னைக்குக் காலையில அவர் போன் பண்ணினது இதுக்குத்தான்.

"பதினாலு வருஷம் மேடம். ஒரு நாள் கண்ணசந்தது கிடையாது. என் மவ ஸ்கூலுக்குப் போறா. அங்க புள்ளைங்க 'உங்கப்பா முழிச்சிட்டாரா?'ன்னு கேக்குதுங்களாம். ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க மேடம். அப்புறமும் நான் தூங்குனேன்னு தோணுச்சுன்னா, இன்னொரு சீல் கூட குத்துங்க."

போனை வச்சுட்டுத் திரும்பினா பாய் பார்த்துக்கிட்டே இருக்கார்.

"என்னவாம் தங்கச்சி?"

சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "நீ பேப்பர்ல குத்துனே. அது போயி அந்த மனுசன் சோத்துல விழுந்திருக்கு"ன்னார். கோவமாக்கூடச் சொல்லல. அதுதான் எனக்கு உறைச்சுது.

3. முற்றத்துல எல்லாம் சரி

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போற கூட்டத்துல பஸ் ஸ்டாண்டே நெரியுது. அந்தக் கூட்டத்துல இடிபட்டு அரியலூர் பஸ்ஸைப் பிடிச்சேன். வயர் கூடையில வாட் மீட்டர், ரெண்டு கேபிள், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, தயிர்சாதம். என் கூடையை எட்டிப் பார்த்த ஒரு அம்மா, "கரண்டு பில்லு எடுக்குறவங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். விளக்கம் சொல்ற மூடுல நான் இல்ல.

குவாரி ஆபீஸ்ல நடேசன் சார் என்னைப் பார்த்ததும் சிரிச்சார்.

"என்னம்மா, நீங்க குத்துன சீலை நீங்களே நம்பலையா?"

"நம்பிக்கை இருக்கு சார். ஒரு தடவை வண்டியோட வச்சுப் பார்த்துடலாம்னுதான்."

"பாருங்க பாருங்க. ஆனா இன்னைக்கும் பதில் வரலைன்னா, சாவிய வாங்கிட்டு அனுப்பிருவேன். சொல்லிட்டேன்."

கலியபெருமாள் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கி. நெத்தியில நாமம். குவாரியில சட்டைக்கு இஸ்திரி போட்ட ஆளை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். அவர் ஜீப் அதைவிட மேல. சுத்தி நிக்கிற வண்டியெல்லாம் சுண்ணாம்புத் தூசியில மாவுல புரட்டின மாதிரி இருக்கு, இது மட்டும் பளபளன்னு நிக்குது.

ஆபீஸ் முற்றத்துலயே, செட்டை ஜீப்லேருந்து கழட்டாம அளந்தேன். பேட்டரி சரியா இருக்கு. பட்டனை அமுக்கினா வோல்டேஜ் இறங்குதான்னு பார்த்தேன், இறங்கல. ஃபியூஸ் சரி. கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், சரி. செட்டுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவுல மீட்டரைப் போட்டேன். போற பவர் இருபத்தஞ்சு. திரும்பி வர்றது ஒரு வாட்டுக்கும் கீழ. பழைய ஆன்டெனாவுக்கு அது சகஜம்னு விட்டுட்டேன். ஆபீஸைக் கூப்பிட்டா, பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி பதில் வருது.

கலியபெருமாள் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். நான் மீட்டர் முள்ளைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். ஆஸ்பத்திரியில ரிப்போர்ட்டுக்கு நிக்கிறவங்க நிக்கிற மாதிரி நின்னார். எல்லாம் சரியா இருக்கே! அப்ப இந்த மனுசன் நிஜமாவே தூங்கித்தான் இருப்பாரோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். ஒரு நிமிஷம் இல்ல, ரெண்டு மூணு நிமிஷமே நினைச்சேன்.

"நானும் உங்ககூட மூணாம் பாயின்ட்டுக்கு வர்றேன்"னேன். நடேசன் சார் ஒரு ஹெல்மெட்டைக் குடுத்து அனுப்பி வச்சார். மீட்டரைக் கழட்டல, அப்படியே சீட் மேல கிடந்துச்சு. அது சோம்பேறித்தனம்தான், புத்திசாலித்தனம்னு யாரும் நினைச்சுக்காதீங்க.

4. ரெண்டு வாளித் தண்ணி

போற வழியில ஒரு தண்ணித் தொட்டி. கலியபெருமாள் ஜீப்பை ஓரங்கட்டினார்.

"ரெண்டு நிமிஷம் மேடம். வண்டிக்கு ஒரு தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்."

"இப்பவா? வெடிக்குப் போகணும்ங்க!"

"வெடிக்கு முன்னாடி கழுவிருவேன் மேடம். கண்ணாடியில தூசி இருந்தா பாதையில வர்ற ஆளு தெரியாது. கண்ணாடிக்கு ஊத்துறப்ப மேலயும் சேத்து ஊத்திடுறது."

ஊத்திடுறதுன்னா ஏதோ தெளிக்கிறதுன்னு நினைச்சேன். ரெண்டு வாளி முழுசாத் தூக்கி ஜீப் தலையில கொட்டினார். கோயில்ல சாமிக்கு அபிஷேகம் பண்றதுகூட அவ்வளவு மனசாராப் பண்ண மாட்டாங்க. ஜன்னலோரம் உட்காந்திருந்த என் மேலயும் பாதி.

மூணாம் பாயின்ட்ல போய் நின்னோம். பாதையில ஒரு ஈ காக்கா இல்ல. சங்கு ஊதுச்சு. செட்ல நடேசன் சார் குரல் கணீர்னு வருது.

"பாயின்ட் ஒண்ணு?" "க்ளியர் சார்."

"பாயின்ட் ரெண்டு?" "க்ளியர் சார்."

"பாயின்ட் மூணு?"

கலியபெருமாள் மைக்கை எடுத்தார். பட்டனை அமுக்கினார். "பாயின்ட் மூணு க்ளியர் சார்!"

"பாயின்ட் மூணு?"

"க்ளியர் சார், க்ளியர்!"

"பாயின்ட் மூணு, கேக்குதா? பாயின்ட் மூணு!"

நான் சீட்ல கிடந்த மீட்டரைப் பார்த்தேன். முள்ளு நாலுல படுத்துக் கிடக்கு. சுவிட்சைத் திருப்பி, திரும்பி வர்ற பவரைப் பார்த்தேன். போன நாலுல பாதிக்கு மேல திரும்பி வருது.

"கத்துங்க, இன்னும் ஒரு தடவை சொல்லுங்க!"ன்னேன். கத்தினா பவர் ஏறாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பதட்டத்துல சொல்லிட்டேன். அவரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

செட்ல நடேசன் சார் பக்கத்துல இருக்கிற யார்கிட்டயோ சொல்றது கேக்குது. "திரும்பத் தூங்கிட்டான்யா." அப்புறம் நேரா: "கலியபெருமாளு, போதும்யா. வண்டிய ஆபீஸ்ல வுட்டுட்டு, சாவியக் குடுத்துட்டு, வூட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ."

கலியபெருமாள் தோள்ல கிடந்த துண்டால மைக்கைத் துடைச்சார். துடைச்சு, அதோட கொக்கியில பதவிசா மாட்டினார். கண்ணு ரெண்டும் கலங்கி நிக்குது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துச்சு, அதைவிட ஜாஸ்தியாக் கோவம் வந்துச்சு. எல்லாம் என் மேலதான்.

அரை மணி நேரத்துக்கு முன்னாடி இருபத்தஞ்சு. இப்ப நாலு. நடுவுல என்ன நடந்துச்சு? தண்ணி. வேற ஒண்ணுமே நடக்கல.

கதவைத் திறந்து, படியில ஏறி, ஜீப் கூரையைப் பார்த்தேன். ஆன்டெனா கம்பி நிக்கிற அடிப்பாகத்துலேருந்து மஞ்சளா ஒரு கோடு ஒழுகிக்கிட்டிருந்துச்சு. கம்பியைத் திருகிக் கழட்டினேன். உள்ள, கம்பியோட மரையும் அடியில இருக்கிற நடு ஊசியும் சேர்ற எடத்துல, மஞ்சளும் சிவப்புமா கொழகொழன்னு அப்பிக் கிடக்கு.

"என்னங்க இது?"

கலியபெருமாள் எட்டிப் பார்த்தார். "சந்தனம் மேடம். குங்குமம். ஆயுத பூசைக்கு வச்சது."

"அதை ஏங்க உள்ள வச்சீங்க? எல்லாரும் வெளியதானே பொட்டு வைப்பாங்க?"

"வெளிய வச்சா தெனம் கழுவுறப்ப போயிடுது மேடம். ஸ்டியரிங்குக்கு வச்சோம், இன்ஜினுக்கு வச்சோம். பேசுற குச்சிதானே நமக்கு முக்கியம்? அதான் குச்சியக் கழட்டி, உள்ள நல்லா வச்சு, இறுக்கிட்டேன். எனக்குப் பேரு வச்ச சாமி, கல்லங்குறிச்சி கலியபெருமாள நெனச்சுக்கிட்டு வச்சேன் மேடம். அந்தக் கோயில் சந்தனம்."

நான் சிரிச்சேனா அழுதேனான்னு இப்பவும் தெரியல. சந்தனம் காஞ்சிருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணல. தண்ணி பட்டதும் இளகி, கம்பிக்குப் போக வேண்டிய பவரைக் கூரைத் தகரத்துக்குக் கடத்தி விட்டிருக்கு. செட்டு பயந்து குரலைக் குறைச்சுக்கிச்சு. ஆபீஸ் பக்கம் திரும்பி வர்றதுக்குள்ள வெயில்ல காஞ்சுடும். காயலைன்னாலும், ஆபீஸ் வாசல்ல நின்னு பேச நாலு வாட் தாராளம். அதனால ஒருத்தர் கண்ணுலயும் படல. செட்டை மட்டும் கழட்டி எனக்கு அனுப்பினாங்களே, அப்பவும் சந்தனம் இங்க கூரையிலதான் இருந்துச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

துப்பட்டாவால வழிச்சேன். ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சு ரெண்டு பக்கமும் தேய்ச்சேன். ஊதிக் காய வச்சுக் கம்பியை இறுக்கினேன். மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினேன். முள்ளு இருபத்துநாலுக்குத் துள்ளி ஏறுச்சு.

"நடேசன் சார், மூணாம் பாயின்ட்லேருந்து வசந்தா பேசுறேன். கலியபெருமாள் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். மூணு தடவையும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். தூங்கினது நான்தான் சார்."

நாலு பாயின்ட்லயும், ஆபீஸ்லயும், லாரியிலயும் இருந்த எல்லாரும் இதைக் கேட்டுட்டாங்க. அப்புறம் நடேசன் சார் குரல் வந்துச்சு.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. மூணாம் பாயின்ட் க்ளியரா, இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க."

மைக்கைக் கலியபெருமாள் கையில குடுத்தேன். "க்ளியர் சார்!"னு அவர் போட்ட போடுல, செட்டே இல்லாமக்கூட ஆபீஸ்ல கேட்டிருக்கும்.

நாலாம் பாயின்ட்டும் க்ளியர் சொன்னதும் வெடிச்சுது. தரை அதிர்ந்து, தூரத்துல வெள்ளையா ஒரு புகை எழும்பி, மெதுவா வந்து எங்க மேலயும் பளபள ஜீப் மேலயும் படிஞ்சுது. கலியபெருமாள் கை தானா வாளிக்குப் போச்சு.

"எடுத்தீங்க, கொன்னுடுவேன்!"ன்னேன். அன்னைக்குத்தான் அவர் சிரிச்சு நான் பார்த்தேன்.

5. கடைசியாக் குத்தின சீல்

ஆபீஸ்ல நடேசன் சார் நான் துடைச்ச பஞ்சை வாங்கி மோந்து பார்த்தார். "சந்தனமாய்யா! நாலு நாள் வெடிய நிறுத்துனது சந்தனமாய்யா!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். ரெண்டு நாள்தான் நின்னுச்சு, கோவத்துல நாலுன்னுட்டார். அப்புறம் கலியபெருமாள் பக்கம் திரும்பாம, ஜன்னலைப் பார்த்துக்கிட்டே, "தப்பா நெனச்சுட்டேன்யா, மனசுல வச்சுக்காத"ன்னார். அந்த மனுசன் வாயிலேருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

"மெமோவக் கிழிக்கணும்னா எழுத்துல குடும்மா"ன்னு என்கிட்ட கேட்டார்.

கடைக்கு வந்து புதுசா ரிப்போர்ட் எழுதினேன். ஆன்டெனா அடிப்பாகத்துல ஈரம், பவர் திரும்பி வந்தது, துடைச்சதும் சரியாச்சு. கடைசியில காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. கலியபெருமாள் தப்புன்னு எழுத எனக்கு மனசு வரல. தன் கருவிக்குப் பொட்டு வைக்கிறது அவர் வழக்கம். அந்த எடத்துல வைக்கக் கூடாதுன்னு அவருக்கு யார் சொன்னா? செட்டைப் பொருத்திக் குடுத்தது எங்க கடை. நான் சொல்லியிருக்கணும். சீலை எடுத்தேன். 'ஆபரேட்டர் மிஸ்டேக்'னு குத்தி, பக்கத்துலயே 'டெஸ்ட் செய்தவர்: வசந்தா'ன்னு எழுதி, அம்புக்குறி போட்டு என் பேரைக் காட்டினேன். பாய் படிச்சுப் பார்த்துட்டு, "மாஷா அல்லா, இன்னைக்குத்தான் தங்கச்சி சீல் சரியான எடத்துல விழுந்திருக்கு"ன்னார்.

நடேசன் சார் அந்த ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிட்டாராம். கலியபெருமாள் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து மக ஸ்கூல் பையில வச்சு அனுப்பினாராம்.

அடுத்த வாரம் போயி குவாரியில இருந்த எல்லா வண்டிக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஆன்டெனாவுலேருந்து ஒரு முழம் தள்ளி, வட்டமா, சிவப்பா: 'பொட்டு இங்கே'. வைக்காதேன்னு எழுதினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எங்க வைக்கணும்னு எழுதினா எல்லாரும் கேப்பாங்க.

இப்ப என்கிட்ட யாராவது பவர் கம்மின்னு வந்தா, முதல்ல ஆன்டெனா, அப்புறம் கேபிள், அப்புறம் பேட்டரி, கடைசியாத்தான் செட்டைத் திறக்கிறேன். மேசை மேல இருபத்தஞ்சு வாட் வந்தா, அது மேசைக்கு மட்டும்தான் நிஜம். அந்த ஆள் எங்க நின்னு பேசுறாரோ, எந்த நேரத்துல பேசுறாரோ, அங்க போய் அளக்கணும். இது எல்லாத்துக்கும் முன்னாடி, ஆளை உட்கார வச்சு, "எப்பலேருந்துங்க இப்படி? அதுக்கு முன்னாடி நாள் என்ன பண்ணினீங்க?"ன்னு கேக்கணும். அன்னைக்கு வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் குடுத்த நேரத்துல, குவாரி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கலியபெருமாள்கிட்ட இதைக் கேட்டிருந்தா, 'ஆயுத பூசைக்கு அப்புறந்தான் மேடம்'னு அவரே சொல்லியிருப்பார். செட்டைக் கேட்டேன், மீட்டரைக் கேட்டேன், அந்த மனுசனைக் கேக்கல.

மறு வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள், ஒரு தூக்குல பொரியும் ஒரு கிண்ணத்துல சந்தனமும் எடுத்துக்கிட்டுக் கலியபெருமாள் கடைக்கே வந்துட்டார். "உங்க சாமானுக்கெல்லாம் என் கையால வைக்கணும் மேடம்"னார். மீட்டருக்கு வச்சார், சால்டரிங் அயன் பிடிக்கு வச்சார். ஒவ்வொண்ணுக்கும், "இங்க வைக்கலாங்களா மேடம், பவர் கொறையாதுல்ல?"ன்னு கேட்டுக் கேட்டு வச்சார். பாய் பொரியைக் கொறிச்சுக்கிட்டே சிரிச்சுக்கிட்டிருந்தார்.

மேசை ஓரத்துல அந்தச் சீல் கிடந்துச்சு. கலியபெருமாள் அதைக் கையில எடுத்தார். என்னன்னு அவருக்குத் தெரியும்.

"இதுக்கும் வைக்கணுங்களா மேடம்?"

"வைங்க. பிடியில வேணாம், ரப்பர்ல வைங்க. எழுத்து மேலயே. உள்ள நல்லா அப்பி வைங்க."

அவர் ரெண்டு விரலால வழிச்சு, எழுத்து ஒண்ணுகூடத் தெரியாத அளவுக்கு அப்பி வச்சார். அது காஞ்சு இறுகிப் போயி இன்னமும் என் மேசையிலதான் இருக்கு. தினமும் மேசையைத் துடைக்கிறப்ப அதையும் எடுத்துத் துடைக்கிறேன், தண்ணி மட்டும் படாம.